எலியோ ஒய்ட்டிசிகா: பார்வையாளனை உள்ளே அழைத்த கலைஞன்

மண்ணுக்கடியில் ஒரு கவிதை. அதைப் படிக்க விரும்பும் வாசகன் முதலில் படிக்கட்டு வழியே நிலத்துக்குள் இறங்க வேண்டும். கதவைத் திறந்து ஒரு சிறு அறைக்குள் நுழைய வேண்டும். அறையில் இருக்கும் சிவப்புக் கனசதுரப் பெட்டியைக் கையால் தூக்கினால் உள்ளே பச்சைப் பெட்டி. அதைத் தூக்கினால் உள்ளே சிறியதொரு வெள்ளைக் கட்டை. அதையும் எடுத்த பின்னரே அடியில் எழுதப்பட்டுள்ள ஒரே ஒரு சொல் கண்ணில் படும். அந்தச் சொல்லும், அதை அடைவதற்குச் செய்த அத்தனை செயல்களும் சேர்ந்ததே கவிதை. பிரேசில் நாட்டுக் கவிஞர் ஃபெரெய்ரா குல்லார் 1959ஆம் ஆண்டில் மனத்தில் வரைந்த 'புதைந்த கவிதை' இதுவாகும். காகிதத்தில் அச்சிட முடியாத அந்தக் கவிதைக்கு ரியோ டி ஜெனிரோ நகரில் ஓர் இளம் ஓவியரின் குடும்பம் தன் வீட்டு நிலத்தில் இடம் கொடுத்தது. அறை கட்டப்பட்டது. திறப்பு நாளன்று நண்பர்கள் ஆவலோடு கூடிக் கதவைத் திறந்தபோது, மழைநீர் உள்ளே புகுந்து அறையை நிறைத்திருந்தது. பெட்டிகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

அந்த இளம் ஓவியர் எலியோ ஒய்ட்டிசிகா. பின்வந்த இருபது ஆண்டுகளில் அவர் செய்தவை யாவும் ஒருவகையில் அந்தப் படிக்கட்டின் தொடர்ச்சியே எனலாம். கலைப்படைப்பின் எதிரில் கைகட்டி நிற்பவனை அதன் உள்ளே இறக்குவது, தொடச் செய்வது, உடலில் அணியச் செய்வது, முடிவில் ஒரு திரைப்படத்தின் நடுவிலேயே படுத்துக் கிடக்கச் செய்வது என்று அவருடைய பயணம் ஒரே திசையில் சென்றது. நாற்பத்திரண்டு வயதில் முடிந்துவிட்ட வாழ்வு அது.

எலியோ 1937 ஜூலை 26ஆம் நாள் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜோசே ஒய்ட்டிசிகா மொழியியல் அறிஞர், கவிஞர், அரசே வேண்டாம் என்னும் கோட்பாட்டில் ஊன்றி நின்று அதற்கென்றே இதழ் நடத்தியவர். தந்தையார் பொறியியலும் கணிதமும் கற்றவர். வண்ணத்துப்பூச்சி, விட்டில் இனங்களை ஆராய்ந்த பூச்சியியலாளர். அதே வேளையில் பிரேசிலின் ஒளிப்படக் கலையில் புதுமைகள் புகுத்தியவர்களுள் ஒருவர். குழந்தைகள் தொடக்கத்தில் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை, வீட்டிலேயே கற்றனர். தந்தையாருக்கு ஆய்வு உதவித்தொகை கிடைத்ததை ஒட்டி 1947 முதல் 1950 வரை குடும்பம் வாஷிங்டனில் வசித்தது. பாட்டனாரின் கலகமும் தந்தையாரின் வகைப்படுத்தும் ஒழுங்கும் எலியோவிடம் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. எத்தனை கட்டற்ற படைப்பாயினும் அதற்கொரு குறியெழுத்தும் எண்ணும் இட்டு, நாளையும் விவரத்தையும் குறிப்பேட்டில் பதிந்து வைப்பது அவர் வழக்கம். விட்டிலை ஊசியில் குத்திப் பெயர்ச்சீட்டு ஒட்டுபவரின் மகன் அல்லவா!

1954இல் ரியோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இவான் செர்ப்பாவிடம் ஓவியம் பயிலத் தொடங்கினார். வெகுவிரைவில் செர்ப்பாவைச் சுற்றித் திரண்டிருந்த 'முன்னணிக் குழு'வில் இணைந்தார். 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அட்டையில் நீர்வண்ணம் கொண்டு முந்நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை வரைந்தார். 'மெட்டாஎஸ்கெமா' என்று பின்னாளில் பெயர் பெற்ற அவற்றில் நீள்சதுரங்கள் வரிசை குலைந்து, ஒன்றையொன்று இடித்துத் தள்ளி, சட்டகத்தை விட்டு வெளியேறத் துடிப்பவைபோல் நிற்கின்றன. அவை வெளியேறவும் செய்தன.

அந்நாளைய பிரேசிலில் கவிதைக்கும் ஓவியத்துக்கும் இடையே வேலி இருக்கவில்லை. சாவ் பாவ்லோ நகரில் அரோல்தோ தெ கம்போஸ், அகுஸ்தோ தெ கம்போஸ் உடன்பிறந்தாரும் டேசியோ பிக்னத்தாரியும் சொல்லின் ஒலியையும் உருவையும் பக்கத்தில் அது அமரும் இடத்தையும் கொண்டே கவிதை சமைத்தனர். அவர்களுடைய கண்டிப்பான வடிவக் கணக்கு ரியோ நகரத்தாருக்கு வறட்சியாகப் பட்டது. படைப்பு என்பது எந்திரமோ தேற்றமோ ஆகாது, உயிரியைப்போல் பார்ப்பவரின் அனுபவத்தில் முழுமை பெறுவது என்று கூறி, குல்லார் எழுதிய நவ கான்கிரீட் அறிக்கை 1959 மார்ச்சில் வெளிவந்தது. லிஜியா கிளார்க்கும் லிஜியா பாப்பேயும் அதில் கையெழுத்திட்டனர். அந்த ஆண்டிலேயே எலியோவும் குழுவில் சேர்ந்தார். கிளார்க்குடன் அன்று தொடங்கிய தோழமை, இருவரும் வேறு வேறு நாடுகளில் வாழ்ந்த காலத்திலும் நீண்ட கடிதங்களாகத் தொடர்ந்தது. பார்வையாளன் பங்கேற்க வேண்டும் என்பதில் இருவரும் ஒருமனத்தினர். ஆனால் கிளார்க் மனிதனின் அகத்துக்குள் திரும்பினார். எலியோ தெருவுக்கு இறங்கினார்.

இறங்கும் முன் வண்ணத்தைச் சுவரிலிருந்து விடுவிக்க வேண்டியிருந்தது. முதலில் இருபுறமும் வண்ணம் தீட்டிய பலகைகளைக் கயிற்றில் தொங்கவிட்டார். பின்னர் பல பலகைகளை மஞ்சளிலும் ஆரஞ்சிலும் அந்தரத்தில் கூட்டமாக அமைத்து, இடையில் ஆள் நடக்க வழி விட்டார். 1960இல் 'புகக்கூடியவை' என்று அவர் பெயரிட்ட வரிசையின் முதற்படைப்பு உருவாயிற்று. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சிறு கூடம். நகர்த்தத்தக்க வண்ணச் சுவர்கள். உள்ளே போனவர் வண்ணத்தைப் பார்ப்பதில்லை, அதற்குள் இருக்கிறார். 1963இல் 'போலிடே'க்கள் வந்தன. போலிடே என்றால் எரிகல். பெட்டிகள், கண்ணாடிக் குடுவைகள், அவற்றுள் நிறப்பொடி, மண், சிப்பித்தூள், துணி. இழுப்பறையைத் திறந்தால் கை நேரடியாக நிறத்துக்குள் புதையும்.

1964ஆம் ஆண்டு அவர் வாழ்வை இரண்டாகப் பிளந்தது. ஏப்ரல் பிறக்கும்போது இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டில் தந்தையார் காலமானார். அதே ஆண்டில்தான், ஊர்வலத் தேர்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்கு உதவியாகச் சிற்பி நண்பர்கள் அவரை மாங்கேய்ராக் குன்றுக்கு அழைத்துச் சென்றனர். மாங்கேய்ரா என்னும் போர்த்துக்கீசியச் சொல்லுக்கு மாமரம் என்று பொருள். மாங்கனியைக் குறிக்கும் அவர்களுடைய சொல் நம் மாங்காயிலிருந்து கப்பலேறிப் போனதென்பதை மொழியறிஞர் அறிவர். அக்குன்றின் சரிவில் ரியோவின் ஏழை மக்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், தகரமும் பலகையும் அட்டையும் கொண்டு வீடு கட்டி வாழ்ந்தனர். கார்னிவல் திருவிழாவுக்கு ஆண்டு முழுதும் ஆயத்தம் செய்யும் சம்பா ஆடற்குழு அங்கே இருந்தது. நடுத்தர வர்க்க வீட்டில் நூல்களுக்கு நடுவே வளர்ந்த இளைஞர் அங்கே சம்பா கற்றார். வேடிக்கை பார்க்கப் போனவர் ஆட்டக்காரராகி, குழுவின் தேர்ந்த ஆடுநர்களில் ஒருவராக ஊர்வலத்திலும் ஆடினார். ஆட்டம் அவருக்கு ஓர் உண்மையை உடலின் வழியே கற்பித்தது. ஆடுபவனுக்கு வெளியே ஆட்டம் என்றொரு பொருள் கிடையாது.

இதிலிருந்தே 'பாரங்கோலே' பிறந்தது. பெயரை அவர் தெருவில் கண்டெடுத்தார். வீடற்ற ஒருவர் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டி எழுப்பிய கூடாரத்தில், ஒரு சாக்குத்துணி மேல் எழுதியிருந்தவற்றுள் அந்த ஒரு சொல்தான் அவருக்குப் புரிந்தது. ரியோ வழக்கில் திடீர்ச் சலசலப்பு, குழப்பம், வெட்டிப்பேச்சு என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. அவருடைய பாரங்கோலே பெரும்பாலும் ஒரு மேலங்கி. துணி, சாக்கு, வலை, பிளாஸ்டிக் ஆகியவற்றை அடுக்கடுக்காக மடித்துத் தைத்தது. சிலவற்றின் மடிப்புகளுக்குள் சொற்களும் தொடர்களும் ஒளிந்திருக்கும். அவற்றுள் ஒன்று, அணிந்தவர் கலகத்தைத் தம் உடலில் ஏற்றிருப்பதாக அறிவித்தது. ஆணியில் தொங்கும்போது அது வெறும் துணி மூட்டை. அணிந்து ஆடும்போதுதான் மடிப்புகள் விரிந்து நிறங்கள் வெளிப்படும், சொற்கள் ஒரு கணம் தெரிந்து மறையும். அணிந்தவர் பார்வையாளரா, நடிகரா, படைப்பாளியா என்ற கேள்விக்கு அங்கே பொருளில்லை. இதே ஆண்டுகளில் எலியோ ஒரு குறிப்பேட்டில் சிறு கவிதைகளும் எழுதிவந்தார். 'இரகசியக் கவிதையியல்' என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தார். அங்கிகளில் உள்ள சொற்களைக் காணும்போது அந்தக் குறிப்பேட்டை நினைக்காமலிருக்க முடியாது.

1965 ஆகஸ்டு 12. ரியோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'கருத்து 65' என்னும் கண்காட்சியின் தொடக்க நாள். எலியோ தம் பாரங்கோலேக்களுடன் வந்தார். தனியே வரவில்லை. மாங்கேய்ராவின் ஆட்டக்காரர்கள் அங்கிகளை அணிந்து, பறைகளை முழக்கி, கொடிகளை ஏந்தி அவருடன் வந்தனர். அருங்காட்சியகத்தார் அவர்களை உள்ளே விட மறுத்தனர். கட்டிடத்துக்கு வெளியே, தோட்டத்தில் ஆட்டம் நடந்தது. உள்ளே சுவரிலிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் வெளியே வந்து சூழ்ந்து நின்றனர். அங்கிகளை மட்டும் உள்ளே கொண்டுபோய் மாட்டியிருந்தால் எந்தத் தடையும் இருந்திராது என்பதே இந்நிகழ்ச்சியின் கூர்மை. தடுக்கப்பட்டது துணியை உடுத்திய உடல்.

குன்றில் பெற்ற நட்புகள் அவரை இன்னும் இக்கட்டான இடத்துக்குக் கொண்டுசென்றன. குதிரைமுகன் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட ஒருவன் காவல் அதிகாரி ஒருவரைக் கொன்றதற்காக வேட்டையாடப்பட்டு, 1964இல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் முழங்கச் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் எலியோவின் நண்பன். 1966இல் அவன் நினைவாக ஒரு பெட்டிப் போலிடே செய்தார். திறந்து பார்த்தால் உட்சுவர்களில் கைகளை விரித்துக் கிடக்கும் அவன் பிணத்தின் செய்தித்தாள் படம். அடியில் நிறப்பொடி நிரம்பிய ஒரு பை. இரண்டாண்டு கழித்து, பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று தன்னைத்தானே சுட்டுக்கொண்ட இன்னொரு கொள்ளையனின் உடலைச் சிவப்புக் கொடியில் அச்சிட்டு, விளிம்பில் நிற்பவனே வீரன் என்னும் பொருள்படும் வாசகத்தைச் சேர்த்தார். கொலையாளிகளுக்குப் புகழ்மாலை சூட்டுவதா என்று அன்றே கேட்டனர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்த மனிதனின் செயலை எலியோ சரியென்று வாதிடவில்லை. சட்டத்தின் பெயரால் ஒரு நகரம் மகிழ்ச்சியோடு வேடிக்கை பார்த்த கொலையைப் பெட்டிக்குள் வைத்து, குனிந்து பார்க்கச் செய்தார். அது போதாது என்போரும் உண்டு.

1967 ஏப்ரலில் அதே அருங்காட்சியகத்தில் 'புதிய பிரேசிலியப் புறவயம்' கண்காட்சி. எலியோ அமைத்தது 'ட்ரோப்பிக்காலியா'. தரையில் மணலும் சரளைக் கல்லும், தொட்டிச் செடிகள், உயிருள்ள கிளிகள், செடிகளுக்கிடையே ராபர்ட்டா காமிலா சல்காதோவின் கவிதைகள் எழுதிய பொருள்கள். நடுவில் குன்றுக் குடிசைகளை நினைவூட்டும் இரு கூடங்கள். சிறிய கூடத்தில் தூய்மை என்பது கட்டுக்கதை என்ற அறிவிப்பு. பெரிய கூடத்தின் இருண்ட, வளைந்த பாதையில் தடவிக்கொண்டே சென்றால் கடைசியில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். கிளியும் மணலும் கண்டு பிரேசிலின் அழகை மெச்சிக்கொண்டே நுழைந்தவர், இருளில் தனியாக ஒளிரும் திரையின் முன் முடிகிறார். படத்தை அவர் விழுங்குகிறாரா, படம் அவரை விழுங்குகிறதா? அந்நிய நாட்டாருக்காகப் பூசி மினுக்கிய வெப்பமண்டலச் சொர்க்கத்தின்மீது வைக்கப்பட்ட எள்ளல் அது.

அதன் பெயருக்கு வாய்த்த வாழ்வு விந்தையானது. கைத்தானோ வெலோசோ என்ற இளம் பாடகர் தாம் இயற்றிய பாட்டுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது, திரைப்படத் தயாரிப்பாளர் லூயிஸ் கார்லோஸ் பரெத்தோ இந்தப் பெயரை முன்மொழிந்தார். வெலோசோ அந்த அமைப்பை அதுவரை பார்த்ததேயில்லை. பாட்டு புகழ் பெற்றது. 1968இல் ஓர் இசைத்தட்டுக்கும், பின் ஓர் இயக்கம் முழுமைக்கும் அதுவே பெயராயிற்று. வாழையும் கிளியும் கடைச்சரக்காக மாறியபோது எலியோ மனம் நொந்தார். அவருடைய எள்ளல் அலங்காரமாகிவிட்டிருந்தது.

1968இல் ரியோவின் ஃபிளமெங்கோப் பூங்காவில் நண்பர்களோடு பெருங்கூட்டு நிகழ்வு ஒன்றை நடத்தினார். லிஜியா பாப்பேயின் கனசதுர 'முட்டை'களைக் கிழித்துக்கொண்டு மனிதர்கள் வெளிப்பட்டனர். அன்டோனியோ மனுவேல் மூடி முத்திரையிட்ட பெட்டிகளைக் கூட்டம் உடைத்துத் திறந்தது. பாரங்கோலேக்கள் கைமாறி ஆடின. சில மாதங்களில் அத்தகைய கூட்டத்துக்கு இடமின்றிப் போயிற்று. வெலோசோவும் ஜில்பெர்ட்டோ ஜில்லும் பாடிய இரவு விடுதியில் எலியோவின் கொடி தொங்கியது காரணமாக அதிகாரிகள் நிகழ்ச்சியை நிறுத்தினர். டிசம்பர் 13ஆம் நாள் இராணுவ அரசின் ஐந்தாம் சட்டம் வந்து எஞ்சிய உரிமைகளையும் பறித்தது. பாடகர் இருவரும் சிறை சென்றனர். எலியோ அந்த ஆண்டின் இறுதியில் இலண்டன் புறப்பட்டார்.

இலண்டன் ஒயிட்சேப்பல் கலைக்கூடத்தில் 1969இல் விமர்சகர் கை பிரெட்டின் முயற்சியால் அவருடைய பெரும் காட்சி நடந்தது. அதன் மையம் 'ஏதேன்'. வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். வெறுங்காலில் மணல், வைக்கோல், தண்ணீர், உலர்ந்த இலை என்று ஒவ்வொன்றாய் மிதிக்க வேண்டும். படுக்கைபோன்ற போலிடேக்களில் படுக்கலாம். இருண்ட கூடாரத்தில் வெலோசோவும் ஜில்லும் பாடுவதைக் கேட்கலாம். திரை பிரித்த சிறு 'கூடு'களுக்குள் புகுந்து ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம். சும்மா இருப்பதும் படைப்பே என்பது அப்போது அவர் வளர்த்த எண்ணம். படைத்தல், நம்புதல், ஓய்வு என்ற மூன்றையும் பிணைத்து ஒரு புதுச்சொல்லும் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் 'தகவல்' கண்காட்சியிலும் கூடுகள் இடம்பெற்றன. குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. 1970 இறுதியில் நியூயார்க் சென்றவர் 1978 வரை அங்கேயே இருந்தார்.

வெளிப்பார்வைக்கு அது தோல்விக் காலம். சென்ட்ரல் பூங்காவில் அமைக்கத் திட்டமிட்ட புகக்கூடிய வட்டங்கள் மாதிரியாகவே நின்றன. காட்சிகள் இல்லை, விற்பனை இல்லை, பிழைப்புக்கு இரவுப்பணி. ஆனால் இரண்டாம் நிழற்சாலையில் இருந்த குடியிருப்பைக் கூடுகளாகத் தடுத்து, 'பாபிலோன் கூடுகள்' என்று பெயரிட்டு, வருவோர் போவோர் தங்கும் உயிருள்ள படைப்பாக அதை மாற்றியிருந்தார். தம் தன்பால் விருப்பத்தை மறைக்காமல் வாழவும் அந்நகரம் இடம் கொடுத்தது. 1973இல் இளைஞர்களைப் படம்பிடித்து ஒலியோடு தொகுத்த 'நெய்ரோட்டிகா' அதன் விளைவு. எட்டு மில்லிமீட்டர்ப் படச்சுருளிலும் சில முயற்சிகள் செய்தார். ஓயாமல் எழுதினார், ஒரு மாபெரும் நூலுக்கான தாள்கள் குவிந்தன, நூல் முடியவேயில்லை. கவிஞர் வாலி சலமோனின் முதல் நூல் 1972இல் வெளிவந்தபோது அதன் வடிவமைப்பில் எலியோவின் கை இருந்தது.

திரைப்படம் அவரை ஈர்த்தது, உறுத்தவும் செய்தது. இருட்டில் வரிசையாக அமர்ந்து, ஒரே திசையில் முகம் திருப்பி, நொடிக்கு இருபத்துநான்கு படங்களை மறுபேச்சின்றி வாங்கிக்கொள்ளும் கூட்டத்தை அவரால் ஏற்க முடியவில்லை. ஜாக் ஸ்மித் என்னும் அமெரிக்கக் கலைஞர் தம் இருப்பிடத்தில் சில்லுப்படங்களை மெதுவாக, இழுத்தடித்து, திரையை நகர்த்தி நகர்த்திக் காட்டிய ஓர் இரவு நிகழ்ச்சி அவருக்கு வழிகாட்டியது. 1973 மார்ச்சில், இயக்குநர் நெவில் த அல்மெய்தாவுடன் சேர்ந்து அவர் தொடங்கிய வரிசையே 'கோஸ்மோகோகா'. திரைப்படமும் நிகழ்த்துகலையும் பார்வையாளரின் உடலும் எல்லை கலந்த அந்த வடிவத்தை அவர் அரைச்சினிமா என்று பொருள்படப் பெயரிட்டு அழைத்தார்.

அதன் செய்முறை வருமாறு. ஒரு நூலின் அட்டை, ஓர் இசைத்தட்டின் உறை, ஒரு செய்தித்தாளின் படம். அதில் புகழ்பெற்ற ஒருவரின் முகம். அந்த முகத்தின் கோடுகள் மீது நெவில் கோக்கெய்ன் பொடியால் ஒப்பனை இடுவார். நிலைமாறிக்கொண்டே வரும் அந்த வெள்ளைக் கோடுகளை எலியோ ஒவ்வொரு கட்டமாகப் படமெடுப்பார். அந்த ஒப்பனைக்கு அவர்கள் வைத்த பெயரில் இன்கா மன்னர் மரபின் முதல்வன் மான்கோவின் பெயரும் கலந்திருக்கிறது. அந்தச் சில்லுப்படங்களைப் பல எறிவிகள் நான்கு சுவரிலும் கூரையிலும் வீசும். படம் நகராது, ஒன்று போய் ஒன்று வரும், இடையில் இருள் வரும். எல்லாச் சுவரையும் ஒருவரால் ஒருசேரப் பார்க்க இயலாது. எனவே இருவர் கண்ட படம் ஒன்றாக இருப்பதில்லை. அசையாத படத்தின் நடுவே அசைய வேண்டியவர் வந்தவரே. முதல் அறையில் மெத்தையில் படுத்து, கொடுக்கப்படும் அரத்தால் நகம் தீட்டிக்கொள்ளலாம். இரண்டாவதில் யோகோ ஓனோவின் நூல், தரையெங்கும் நுரைமெத்தை உருவங்கள், ஆட்டம். மூன்றாவதில் மர்லின் மன்றோவின் முகம், காலடியில் பிளாஸ்டிக் மூடிய மணல்மேடு, மிதக்கும் பலூன்கள். நான்காவதில் நீச்சல் குளம். ஜான் கேஜ் தொகுத்த இசைக்குறிப்பு நூலின் அட்டை. இது கம்போஸ் உடன்பிறந்தாருக்கு உரித்தாக்கப்பட்டது. ஐந்தாவதில் வலையூஞ்சல்கள், ஜிமி ஹென்ரிக்ஸின் இசை.

போதைப்பொடியைக் கலைப்பொருளாக்கியதில் இளமையின் துணிச்சல் காட்டும் ஆவலும் இருந்தது என்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எலியோ அதைப் பயன்படுத்தியவர். அதன் விலையை அவர் உடல் கொடுத்தது. ஆயினும் அந்த ஐந்து அறைகளின் வலிமை பொடியில் இல்லை. விளம்பரமும் திரையும் வழிபாட்டுக்குரியதாக ஆக்கிய முகங்களின்மீது ஊதினால் பறந்துபோகும் கோட்டை வரைந்து, அந்த முகத்தைப் பார்க்கும் பணியிலிருந்து பார்வையாளனை விடுவித்து, நீ படு, நீந்து, ஆடு என்று அனுப்பிவைத்ததில் இருக்கிறது. சட்டம் தடுத்த பொருள் படத்திலிருந்ததால் அவர் உயிரோடு இருந்தவரை அவற்றைப் பொதுவில் காட்ட இயலவில்லை. எந்த அறை, எத்தனை எறிவி, என்ன இசை, வருபவர் என்ன செய்யலாம் என்று துல்லியமான செயற்குறிப்புகளை எழுதி வைத்தார். தந்தையாரின் வழக்கப்படி எண்ணும் இட்டார்.

1978இல் தாயகம் திரும்பினார். இராணுவ ஆட்சி தளர்ந்துகொண்டிருந்தது. ரியோவில் பாதாள இரயிலுக்காகத் தெருக்களைத் தோண்டிக்கொண்டிருந்தனர். நடந்து நடந்து நகரை மறுபடி கண்டவர், பெயர்த்தெறியப்பட்ட தார்த்துண்டு ஒன்று மன்ஹாட்டன் தீவின் வடிவில் இருப்பதைக் கண்டு வீட்டுக்கு எடுத்துவந்தார். 1979 இறுதியில் காஜூப் பகுதியில் நண்பர்களைத் திரட்டி நடத்திய நிகழ்வில், ஒரு மரச்சட்டத்தைத் தரையில் வைத்து வேறிடத்துக் கரிய மண்ணால் அதை நிரப்பினார். பின் சட்டத்தை நீக்கினார். மண்மேல் மண் நின்றது.

1980 மார்ச்சில் பக்கவாதம் தாக்கித் தம் குடியிருப்பில் தனியே கிடந்தவரை நண்பர்கள் கண்டு மருத்துவமனையில் சேர்த்தனர். 22ஆம் நாள் உயிர் பிரிந்தது.

மறு ஆண்டே உடன்பிறந்தாரும் நண்பர்களும் அவர் பெயரில் ஓர் அமைப்பை நிறுவிப் படைப்புகளையும் தாள்களையும் காத்தனர். 1990களில் ரோட்டர்டாமும் பாரிஸும் உள்ளிட்ட நகரங்களில் பெரும் காட்சி சுற்றிவந்தது. பெயர் உலகெங்கும் பரவியது, விலையும் ஏறியது. அத்துடன் ஒரு சங்கடமும் வந்தது. 1965இல் உடலோடு சேர்த்து வெளியே தள்ளப்பட்ட அங்கிகள் இப்போது உடலின்றி உள்ளே வரவேற்கப்பட்டன. தொடக்கூடாத பழம்பொருளாகித் தொங்கட்டானில் மாட்டப்பட்டன. ஆட விரும்புவோருக்கென மறுபடி தைத்த நகல்கள் பக்கத்தில் வைக்கப்பட்டன. மூலத்தைக் காக்க வேண்டும் என்ற காப்பாளரின் கவலையும் பொய்யன்று. ஆனால் 2009 அக்டோபரில், ரியோவின் ஜர்டிம் பொட்டானிக்கோ பகுதியில் படைப்புகள் வைக்கப்பட்டிருந்த குடும்ப வீடு தீப்பற்றியது. பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததென்று முதலில் அஞ்சினர். பின்னர் பலவற்றைச் செப்பனிட முடிந்தது. பல மீளவில்லை.

அப்போதுதான் சில பழைய தாள்களின் அருமை புரிந்தது. 1968இலேயே எலியோ ஒருவகைப் பாரங்கோலேவுக்குச் செய்முறை எழுதியிருந்தார். மூன்று மீட்டர்த் துணி, சில ஊக்குகள், துணியை வெட்டாமல் உடலில் சுற்றி, மடித்து, ஊக்கு குத்தி, ஒருவருக்கொருவர் உதவி அங்கியாக்க வேண்டும், கழற்றி இன்னொருவருக்கும் தரலாம். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களோடு அவர் இதைச் செய்தும் பார்த்தார். இப்படைப்புக்கு மூலப்படி என்று ஒன்று இல்லை. எரிவதற்கும் ஒன்றுமில்லை.

கோஸ்மோகோகாவின் குறிப்புகளும் அவ்வாறே பிழைத்தன. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் புருமாதினோ ஊரை ஒட்டி, காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே உள்ள இன்யோட்டிம் கலைவளாகத்தில் 2010இல் அந்த ஐந்து அறைகளுக்கென்றே ஒரு கட்டிடம் திறக்கப்பட்டது. எந்த அறைக்கு முதலில் போவதென்ற வரிசை அங்கே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தைகள் பலூன்களைத் துரத்துகின்றனர். சிலர் வலையூஞ்சலில் உறங்கிவிடுகின்றனர். நான்காம் அறையில் சிலர் இருட்டில் குளத்துக்குள் இறங்கி, சுவரில் மாறும் படங்களின் வெளிச்சத்தில் நீந்துகின்றனர். வேறு சிலர் கரையிலேயே நின்றுகொண்டு அவர்களைப் பார்க்கின்றனர்.